முதல் ஆணை எங்கிருந்து வருகிறது?

உங்கள் தாத்தாவிடம் வால்வு ரேடியோவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். குமிழைத் திருகியவுடன் அது பாடிவிடாது. முதலில் முகப்பு விளக்கு எரியும். அரை நிமிடம் போல ஒரு மௌனம். பிறகுதான் மெல்ல மெல்லப் பாட்டுக் கேட்கும். வால்வுக்குள் இருக்கும் எதிர்முனை சூடேறி எலெக்ட்ரான்களை உமிழ அத்தனை நேரம் பிடித்தது. அதன் பிறகு டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது. அதில் சூடேற வேண்டியது எதுவுமில்லை. பொத்தானைத் தட்டியதும் பாட்டு.

இப்போது வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு டிஜிட்டல் சாதனத்தை இயக்கிப் பாருங்கள். கேபிள் பெட்டியாகவோ, கச்சேரி மேடையில் இருக்கும் டிஜிட்டல் ஒலிக்கலவைக் கருவியாகவோ இருக்கட்டும். மறுபடியும் ஒரு மௌனம்! சூடேற வேண்டிய இழை எதுவும் உள்ளே கிடையாது. எலெக்ட்ரான்கள் ஆயத்தமாகவே இருக்கின்றன. அப்படியானால் அது எதற்காகக் காத்திருக்கிறது?

அது தன் பாடப் புத்தகத்தை எடுத்து வந்து கொண்டிருக்கிறது. அந்தப் புத்தகம் வேறோர் அறையில் இருக்கிறது. புத்தகம் எங்கே இருக்கிறது, அதை எப்படி எடுப்பது என்ற விவரமும் அந்தப் புத்தகத்திலேயேதான் எழுதியிருக்கிறது! இந்தச் சிக்கல் எப்படி அவிழ்கிறது என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பெருக்கவும் கூட்டவும் பிறந்த சில்லு

நாம் எடுத்துக்கொள்ளும் சில்லு, டிஜிட்டல் சிக்னல் பிராசசர் எனப்படும் வகையைச் சேர்ந்தது. சுருக்கமாக டி.எஸ்.பி. என்பர். ஒலியை மைக்ரோபோன் மின்னழுத்தமாக மாற்றுகிறது. அந்த மின்னழுத்தத்தை வினாடிக்கு 48,000 தடவை அளந்து எண்களாக எழுதிக்கொண்டால், ஒலி ஒரு நீண்ட எண் வரிசையாகிவிடும். பிறகு எல்லாம் கணக்குத்தான். எதிரொலி வேண்டுமா? இப்போது வந்த எண்ணோடு, கால் வினாடிக்கு முன் வந்த எண்ணில் பாதியைக் கூட்டுங்கள். இரைச்சலைக் குறைக்க வேண்டுமா? கடைசியாக வந்த நூறு எண்களை ஒவ்வொன்றாகக் குறிப்பிட்ட நூறு எண்களால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். பெருக்கு, கூட்டு, பெருக்கு, கூட்டு. இந்த ஒரு வேலையைச் சலிக்காமல் வேகமாகச் செய்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டது டி.எஸ்.பி.

1978ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ என்ற விளையாட்டுப் பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள்ளிருந்த சில்லு, எண்களைப் பேச்சொலியாக மாற்றிக் குழந்தைகளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக் கொடுத்தது. அதே நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் டி.எம்.எஸ்.32010 என்ற சில்லை வெளியிட்டது. இரண்டு எண்களைப் பெருக்க அதற்கு 200 நானோ வினாடிகள் போதும். அதாவது ஒரு வினாடியில் 50 லட்சம் பெருக்கல்கள். அந்நாளில் இது பெரும் வேகம்.

அக்குடும்பத்தில் பின்னர் வந்த டி.எம்.எஸ்.320சி6713 என்ற சில்லை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பல பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் கைப்பழகிய பயிற்சிப் பலகையில் இருப்பது இதுவே. இதைவிடப் புதிய சில்லுகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் விழித்தெழும் விதத்தை ஒளிவுமறைவின்றிக் காட்டுவதில் இதற்கு இணை இல்லை என்பது என் எண்ணம். அந்தப் பலகையில் இச்சில்லு 225 மெகா ஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுகிறது. வினாடிக்கு 22½ கோடி கடிகாரத் துடிப்புகள்! ஒவ்வொரு துடிப்பிலும் எட்டு ஆணைகள் வரை ஒரே சமயத்தில் நிறைவேற்றும் வல்லமை இதற்கு உண்டு.

இத்தனை வல்லமையும் சில்லுக்கு உள்ளே இருக்கிறது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்ற ஆணைத்தொடர் மட்டும் உள்ளே இல்லை.

மறதியே இயல்பு

சில்லுக்குள் 256 கிலோபைட் நினைவகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ‘ராம்’ வகையைச் சேர்ந்தது. மின்சாரம் உள்ளவரைதான் அதற்கு ஞாபகம். அதன் ஒவ்வொரு நுண்ணறையும் இரண்டு மின்சுற்றுகள் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் அமைப்பு. ஒரு பக்கம் சாய்ந்தால் 1, மறுபக்கம் சாய்ந்தால் 0. மின்சாரம் போனால் இரண்டும் விழுந்துவிடும். மறுபடி மின்சாரம் வரும்போது ஒவ்வோர் அறையும் ஏதோ ஒரு பக்கம் சாயும். எந்தப் பக்கம் என்பதை, தயாரிப்பின்போது இரு பாதிகளுக்கும் இடையே நேர்ந்துவிட்ட மிகச் சிறு வேற்றுமைகளும், வெப்பத்தால் எழும் சலசலப்பும் தீர்மானிக்கும். ஆக, மின்சாரம் வந்தவுடன் ராமில் இருப்பது வெறுமைகூட அல்ல, பொருளற்ற குப்பை. அந்தக் குப்பையை ஆணை என்று நினைத்துச் சில்லு படிக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்று எவராலும் சொல்ல முடியாது.

ஆகையால் நிலையான ஆணைத்தொடரை வெளியே இன்னொரு சில்லில் வைக்கிறார்கள். அதுதான் ஃபிளாஷ் நினைவகம். மின்சாரம் போனாலும் அது மறக்காது.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. ஃபிளாஷிலிருந்து படித்து உள்ளே கொண்டுவர வேண்டும் என்றால், ‘படி, கொண்டு வா’ என்று சொல்லும் ஆணைத்தொடர் ஒன்று வேண்டும். அந்த ஆணைத்தொடரோ ஃபிளாஷில் இருக்கிறது!

கிராமத்து அடிபம்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல நாள் அடிக்காமல் விட்டால் உள்ளேயிருக்கும் தோல் வாஷர் காய்ந்துவிடும். பிறகு எவ்வளவு அடித்தாலும் காற்றுத்தான் வரும். விவரம் தெரிந்த பாட்டி ஒருத்தி ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து பம்பின் வாயில் ஊற்றுவாள். வாஷர் நனைந்து உப்பிக் குழாயை அடைத்துக்கொள்ளும். நாலு அடி அடித்ததும் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டும். தண்ணீர் எடுக்கத் தண்ணீர் வேண்டும். ஆனால் ஒரு செம்பு போதும். கணிப்பொறியின் சிக்கலுக்கும் இதே தீர்வுதான். அந்த ஒரு செம்பை ஊற்றுவது யார் என்பதே கேள்வி.

ஒரு காலத்தில் அதை மனிதரே ஊற்றினார். 1965இல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் பி.டி.பி.-8 என்ற கணிப்பொறியைக் கொண்டுவந்தது. அதன் முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள் இருக்கும். அதை இயக்குபவர் அச்சுவிட்சுகளை மேலும் கீழுமாக வைத்து, ஓர் ஆணையை இரட்டை எண்ணாக அமைத்து, ஒரு பொத்தானை அழுத்துவார். ஆணை நினைவகத்தில் பதியும். இப்படிப் பதினேழு ஆணைகள் போல உள்ளிட்டால், துளையிட்ட காகித நாடாவைப் படிக்கக்கூடிய மிகச் சிறிய ஆணைத்தொடர் ஒன்று தயார். அது முதல் நாடாவைப் படிக்கும். அந்த நாடாவில் இருப்பது இதைவிடச் சாமர்த்தியமான இன்னொரு படிப்பான். அந்தப் படிப்பான்தான் மூன்றாவதாக உண்மையான ஆணைத்தொடரைப் படிக்கும். அந்தப் பதினேழு ஆணைகளையும் மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் பலர். (சுவிட்சு ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து!)

தன் காலணியின் பின்புற வாரைப் பிடித்துத் தன்னைத்தானே மேலே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கையான வழக்கு உண்டு. அந்த வாருக்குப் ‘பூட்ஸ்ட்ராப்’ என்று பெயர். கணிப்பொறி தன்னைத்தானே எழுப்பிக்கொள்ளும் இந்தச் செயலுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். அது சுருங்கி ‘பூட்’ ஆகிவிட்டது.

மறக்காத நினைவகம்

டி.எஸ்.பி.யின் கதையைத் தொடருமுன் ஃபிளாஷைச் சற்று எட்டிப் பார்ப்போம். அதில் அழகான பௌதிகம் இருக்கிறது.

ஃபிளாஷின் நுண்ணறை ஒரு டிரான்சிஸ்டர். ஆனால் சாதாரண டிரான்சிஸ்டரில் இல்லாத ஒன்று இதில் உண்டு. மின்னோட்டம் செல்லும் பாதைக்கும் அதைக் கட்டுப்படுத்தும் வாயிலுக்கும் நடுவே, எந்தக் கம்பியோடும் தொடர்பில்லாத இன்னொரு வாயில் மிதந்து கொண்டிருக்கும். அதைச் சுற்றிலும் சிலிக்கன் ஆக்சைடு. கண்ணாடியைப் போன்ற இந்தப் பொருள் மிகச் சிறந்த காப்பான். மிதக்கும் வாயிலுக்குள் எலெக்ட்ரான்களைச் சிறை வைத்துவிட்டால் அவை வெளியேற வழியில்லை. அவற்றின் எதிர்மின்னூட்டம் கீழேயுள்ள பாதையை அடைத்துவிடும். மின்னோட்டம் வராவிட்டால் அதை 0 என்று படிக்கிறோம். சிறையில் எலெக்ட்ரான்கள் இல்லையென்றால் மின்னோட்டம் வரும், அது 1.

எலெக்ட்ரான்களைச் சிறையிலிருந்து எப்படி வெளியேற்றுவது? காப்பானின் கனம் சுமார் 10 நானோமீட்டர். அதன் இருபுறமும் 10 வோல்ட் கொடுத்தால் மின்புலம் எவ்வளவு? 10 வோல்ட்டை 10 நானோமீட்டரால் வகுங்கள்: மீட்டருக்கு 100 கோடி வோல்ட்! காற்றில் தீப்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் கடுமை புரியும். இத்தகைய மின்புலத்தில் எலெக்ட்ரான்கள் சுவரை ஏறிக் குதிப்பதில்லை. அதனூடே புகுந்து வெளியேறிவிடுகின்றன. இது குவாண்டம் பௌதிகத்தில் ‘சுரங்க விளைவு’ எனப்படும். மேல்வகுப்பில் படிக்கும்போது இதை முறைப்படி கணக்கிடுவீர்கள்.

ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1984இல் இந்த நினைவகத்தை விஞ்ஞான உலகுக்கு அறிவித்தார். ஒரு பெரும் பகுதி முழுவதையும் ஒரே வீச்சில் அழிக்கும் இதன் குணம், காமிராவின் மின்னல் விளக்கை நினைவூட்டுவதாக உடன் பணியாற்றிய ஒருவர் சொல்ல, ‘ஃபிளாஷ்’ என்ற பெயர் நிலைத்தது.

இந்தக் குணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஃபிளாஷில் 1ஐ 0 ஆக்குவது ஒவ்வோர் எழுத்தாகச் செய்யக்கூடியது. 0வை மீண்டும் 1 ஆக்க வேண்டுமானால் ஒரு பகுதி முழுவதையும் அழித்தாக வேண்டும். சிலேட்டில் ஓர் எழுத்தை மட்டும் விரலால் அழிப்பதுபோல இங்கே முடியாது. ஈரத்துணியால் சிலேட்டு முழுவதையும் துடைக்க வேண்டும். துடைத்த ஃபிளாஷில் எங்கு பார்த்தாலும் 1 தான்.

அங்கிருந்தே படித்தால் என்ன?

மாணவர் ஒருவர் இப்படிக் கேட்கலாம்: ‘ஃபிளாஷ் மறக்காது என்றால் ஆணைகளை அங்கேயிருந்தே ஒவ்வொன்றாகப் படித்து நிறைவேற்றலாமே? உள்ளே எதற்காகக் கொண்டுவர வேண்டும்?’

நல்ல கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். ஃபிளாஷிடம் ஒரு முகவரியைக் கொடுத்தால், அங்குள்ள பைட்டை எடுத்துத் தர அதற்கு 90 நானோ வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நமது சில்லின் ஓர் ஆணை 4 பைட் நீளமுள்ளது. எட்டு ஆணைகள் சேர்ந்தது ஒரு கட்டு, 32 பைட். ஃபிளாஷ் ஒரு தடவைக்கு ஒரு பைட்தான் தரும். ஆகவே ஒரு கட்டைப் பெற 32 தடவை கேட்க வேண்டும். 32 × 90 = 2,880 நானோ வினாடி. சில்லின் ஒரு துடிப்பு 4.44 நானோ வினாடி. 2,880ஐ 4.44 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 648.

ஒரே துடிப்பில் முடிக்கக்கூடிய வேலைக்காக 648 துடிப்புகள் காத்திருப்பதா? ஒரு நிமிடம் சமைக்க, பத்து மணி நேரத்துக்கு மேல் கடைவாசலில் நிற்பது போன்றது இது.

ஒலியின் பக்கமிருந்து பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். வினாடிக்கு 48,000 எண்கள் வருகின்றன என்றால், ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே உள்ள நேரம் சுமார் 20.8 மைக்ரோ வினாடி. அதற்குள் முந்தைய எண்ணின் கணக்கு முடிந்தாக வேண்டும். உள் நினைவகத்திலிருந்து ஓடினால் இந்த நேரத்தில் சுமார் 4,680 துடிப்புகள் கிடைக்கும். ஃபிளாஷிலிருந்து ஓடினாலோ ஏழே ஏழு கட்டுகள்! நூறு பெருக்கல்களுக்கு எங்கே போவது? டி.எஸ்.பி. என்பது பிந்திய விடையைத் தவறான விடையாகவே கருத வேண்டிய இயந்திரம். ஆதலால் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கிக் கைக்கெட்டும் மேடையில் வைத்துக்கொண்டே தீர வேண்டும்.

முதல் மில்லி வினாடி

இனி விழித்தெழும் காட்சி.

மின்சாரம் வருகிறது. மின்னழுத்தம் உடனே நிலைபெறுவதில்லை. சற்று ஏறி இறங்கித்தான் நிற்கும். கடிகாரத்துக்கு உயிரான குவார்ட்ஸ் படிகமும் சீராக அதிரச் சிறிது நேரமாகும். அதுவரை ‘ரீசெட்’ என்ற கம்பி சில்லைக் கட்டிப் போட்டு வைத்திருக்கும். எல்லாம் நிலைபெற்றதும் கட்டு அவிழ்கிறது.

அந்தக் கணத்தில் சில்லு தன் பின்களில் இரண்டைப் பார்க்கிறது. மற்ற நேரங்களில் தகவல் செல்லும் பாதையாகப் பயன்படும் பின்களே இவை. ஆனால் ரீசெட் நீங்கும் அந்த நொடியில் மட்டும் அவை ஒரு குறிப்பைச் சொல்கின்றன. இரண்டு பின்கள், நான்கு சேர்க்கைகள். ஒரு சேர்க்கைக்குப் பொருள், ‘வெளியே ஒரு தலைமைக் கணிப்பொறி இருக்கிறது, அது உனக்கு ஆணைகளை ஊட்டும் வரை காத்திரு.’ மற்ற மூன்றும், ‘வெளியே நிலைநினைவகம் இருக்கிறது, அதன் அகலம் 8 பிட், 16 பிட், அல்லது 32 பிட்’ என்று சொல்லும். பின்கள் எந்தச் சேர்க்கையில் இருக்க வேண்டும் என்பதைப் பலகையில் உள்ள சின்னஞ்சிறு சுவிட்சுகள் முடிவு செய்கின்றன. பி.டி.பி.-8இன் சுவிட்சுகள் இங்கே இரண்டாகக் குறைந்துவிட்டதைக் கவனித்தீர்களா?

நமது பலகையில் 8 பிட் ஃபிளாஷ். அடுத்து நடப்பதுதான் இக்கட்டுரையின் தலைப்புக் கேள்விக்கு விடை. சில்லின் மூளை இன்னும் விழிக்கவில்லை. வேண்டுமென்றே தூங்க வைத்திருக்கிறார்கள். விழிப்பது அதன் கூலியாள்! சில்லுக்குள் ‘ஈ.டி.எம்.ஏ.’ என்றொரு தனிச் சுற்று இருக்கிறது. ‘இந்த முகவரியிலிருந்து எடு, அந்த முகவரியில் வை, இத்தனை தடவை செய்’ என்பது மட்டுமே அதற்குத் தெரியும். கூட்டத் தெரியாது, ஒப்பிடத் தெரியாது, ஆணைகளைப் படிக்கவும் தெரியாது. ரீசெட் நீங்கியதும் அது செய்ய வேண்டிய முதல் சுமை, தொழிற்சாலையிலேயே கம்பிகளின் இணைப்பாகப் பொறிக்கப்பட்டுவிட்டது: ஃபிளாஷின் தொடக்கத்திலிருந்து 1024 பைட்டுகளை எடு, உள் நினைவகத்தின் 0 என்ற முகவரி முதல் வரிசையாக வை.

முதல் ஆணை ஆணையே அல்ல. அது மின்சுற்றின் அமைப்பு. எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. ஆகையால் மறந்துபோகவும் முடியாது.

ஃபிளாஷ் எங்கே இருக்கிறது என்று கூலியாளுக்கு எப்படித் தெரியும்? முகவரியால்தான். நமது அஞ்சல் குறியீட்டு எண்ணில் முதல் இலக்கம் 6 என்றால் கடிதம் தமிழ்நாடு, கேரளம் இருக்கும் மண்டலத்துக்கு வரும் அல்லவா? அதுபோல இச்சில்லின் எட்டு இலக்க முகவரி (பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்) 8இல் தொடங்கினால் வெளியேயுள்ள ராம் சில்லின் தேர்வுக் கம்பி தூண்டப்படும். 9இல் தொடங்கினால் ஃபிளாஷின் தேர்வுக் கம்பி. எனவே 90000000 என்ற முகவரியைக் கேட்டால் ஃபிளாஷின் முதல் பைட் வரும்.

எதிரே இருக்கும் ஃபிளாஷ் வேகமானதா, மந்தமானதா என்பது இந்தக் கட்டத்தில் தெரியாது. ஆகவே மிக மந்தமான ஃபிளாஷுக்கும் போதுமான நேரம் கொடுத்தே ஒவ்வொரு பைட்டும் படிக்கப்படுகிறது. பைட்டுக்கு ஒரு மைக்ரோ வினாடி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 1024 பைட்டுகளுக்கு ஒரு மில்லி வினாடி. நீங்கள் கண்ணிமைப்பதற்குள் இது நூறு தடவை நடந்துவிடும்.

வேலை முடிந்தது. கூலியாள் விலகுகிறான். மூளை விழிக்கிறது, 0 என்ற முகவரியைப் பார்க்கிறது. அங்கே குப்பை இல்லை, முறையான ஆணை!

செம்புத் தண்ணீரின் வேலை

1024 பைட் என்பது 256 ஆணைகள். அதற்குள் எதிரொலிக் கணக்கு முழுவதையும் அடைத்துவிட முடியாது. அது அடிபம்பில் ஊற்றிய செம்புத் தண்ணீர்தான். அதன் பெயர் ‘ஏற்றி’. மீதியை ஏற்றுவதே அதன் தொழில்.

நன்றாக எழுதப்பட்ட ஏற்றி முதலில் ஃபிளாஷோடு பேசும் வேகத்தைத் திருத்தும். இந்தப் பலகையில் இருக்கும் ஃபிளாஷுக்கு இவ்வளவு நேரம் போதும் என்பது அதை எழுதியவருக்குத் தெரியுமல்லவா? வெளி ராம் இருந்தால் அதையும் ஆயத்தப்படுத்தும். பிறகு ஃபிளாஷில் உள்ள ஓர் அட்டவணையைத் திறக்கும். கல்யாண வீட்டுச் சாமான் பட்டியலைப் போன்றது அது: முதல் மூட்டை, நீளம் இவ்வளவு பைட், இறக்க வேண்டிய முகவரி இது, அடுத்த மூட்டை, நீளம் இவ்வளவு, முகவரி அது. இப்படியே போய், நீளம் 0 என்று ஒரு வரி வந்தால் பட்டியல் முடிந்தது என்று பொருள்.

பைட்டுக்கு 100 நானோ வினாடி வீதம் 256 கிலோபைட்டையும் கொண்டுவர எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். சுமார் 26 மில்லி வினாடி வரும். சாதனங்கள் எடுத்துக்கொள்ளும் மௌனத்தில் இது சிறு பகுதிதான். உபகரணங்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பது, ஒலியை எண்ணாக்கும் சில்லைத் தயார்ப்படுத்துவது போன்றவையே மீதி நேரத்தைத் தின்கின்றன.

எல்லா மூட்டைகளும் இறங்கியபின் ஏற்றி கடைசியாக ஒரு ‘தாவு’ ஆணையை நிறைவேற்றும். உண்மையான ஆணைத்தொடரின் வாசலுக்கு அது தாவிச் செல்லும். அதன் பிறகு ஏற்றியைத் தேடுவார் இல்லை. அது இருந்த இடத்தை வேறு எண்கள் பிடித்துக்கொண்டாலும் குற்றமில்லை.

புதிய சில்லுகளில் கம்பியால் பொறித்த கூலியாளுக்குப் பதிலாக, அழிக்க முடியாத சிறு நிலைநினைவகம் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. முதல் ஏற்றி அதில் வாசம் செய்யும். ஃபிளாஷும் நாற்பதுக்கு மேற்பட்ட கம்பிகளை விட்டு, நாலைந்து கம்பிகளில் பிட் பிட்டாகப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டது. முறை மாறவில்லை.

சிலேட்டைத் துடைத்த வேளையில்

ஃபிளாஷில் உள்ள ஆணைத்தொடரைப் புதுப்பிக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் புதுப்பிப்பதற்கு முதலில் பழையதைத் துடைக்க வேண்டும். துடைத்து முடித்து, புதியதை எழுதுமுன் மின்சாரம் போய்விட்டால்? மறுமுறை விழிக்கும்போது ஏற்றி அட்டவணையைத் திறக்கும். அங்கே 32 பிட்டும் 1 ஆக இருக்கும். அதை நீளம் என்று படித்தால் 4,294,967,295 பைட். 429 கோடி பைட்டுகளை ஏற்ற வேண்டும் என்று நம்பி அது வேலையைத் தொடங்கிவிடும்! இல்லாத சரக்கைச் சுமந்து, சற்று முன் இறக்கிய சரக்கின் மீதும், தன் தலையின் மீதும் போட்டுக்கொள்ளும். சாதனம் செங்கல்லாகிவிட்டது என்று பொறியாளர்கள் கேலியாகச் சொல்வது இந்த நிலையைத்தான்.

இதைத் தடுக்க வழிகள் உண்டு. ஏற்றி இருக்கும் பகுதியைத் தனியே பூட்டி வைத்து அதை மட்டும் ஒருபோதும் துடைக்காமல் விடுவது ஒன்று. ஏ.எம்.டி. நிறுவனம் செய்த 4 மெகாபிட் ஃபிளாஷ் ஒன்றில், பெரும்பாலான பகுதிகள் 64 கிலோபைட் அளவாக இருக்க, ஓர் ஓரத்தில் மட்டும் 16, 8, 8, 32 கிலோபைட் கொண்ட சிறு பகுதிகளை வைத்திருந்தார்கள். சிறிய ஏற்றிக்கென்று சிறிய தனியறை!

இன்னொன்று கூட்டுத்தொகைச் சோதனை. எல்லாப் பைட்டுகளையும் கூட்டி, 256 ஆல் வகுத்து, மீதியை எழுதி வைக்கிறோம். உதாரணமாக 200, 100, 20 என்று மூன்று பைட்டுகள். கூட்டினால் 320, மீதி 64. ஏற்றும்போது மறுபடி கூட்டிப் பார்த்து 64 வந்தால் சரக்குப் பழுதில்லை என்று ஏற்கலாம். ஆனால் 200, 100 இரண்டும் இடம் மாறியிருந்தால்? அப்போதும் 64 தான் வரும். எனவே முக்கியமான சாதனங்களில் ஒவ்வொரு பைட்டின் இடத்தையும் கணக்கில் கொள்ளும் கடினமான சோதனைகளைக் கையாளுகிறார்கள். ஆணைத்தொடரை இரண்டு பிரதிகளாக வைத்து, புதிய பிரதி சோதனையில் தேறிய பிறகே பழையதைக் கைவிடுவதும் உண்டு. காது கேட்க உதவும் கருவியிலோ, மோட்டார் வாகனத்திலோ இருக்கும் சில்லு விழிக்காமல் போவது விளையாட்டல்லவே!

கையெட்டும் தூரத்தில் இருக்கும் கருவியென்றால் பிரித்துச் சரிசெய்யலாம். செவ்வாய்க் கிரகத்தில் இருந்தால்?

2004ஆம் ஆண்டு ஜனவரி தொடக்கத்தில் அமெரிக்காவின் ‘ஸ்பிரிட்’ என்ற ஆய்வு வண்டி செவ்வாயில் இறங்கியது. அதன் மூளை டி.எஸ்.பி. வகையன்று, ஆனால் ஃபிளாஷை நம்பி விழிக்கும் இனந்தான். 256 மெகாபைட் ஃபிளாஷும் 128 மெகாபைட் ராமும் அதில் இருந்தன. ஜனவரி 21ஆம் தேதி அது திடீரென ஒழுங்காகப் பேசுவதை நிறுத்திவிட்டது. வெற்றுச் சமிக்ஞை ஒன்றிரண்டு வந்தது. அல்லது ஒன்றும் வரவில்லை. ரேடியோ அலை போய்ச் சேரவே ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும் தொலைவு அது. யார் போய்ப் பொத்தானை அழுத்துவது?

இரண்டு நாள் கழித்துக் கிடைத்த தகவலைக் கொண்டு நிலைமையைப் புரிந்துகொண்டார்கள். வண்டி விழிக்கிறது, தவறு நேர்கிறது, தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்கிறது, மறுபடி விழிக்கிறது, மறுபடி அதே தவறு. இப்படி 60 தடவைக்கு மேல்! இரவில் தூங்க வேண்டிய வண்டி தூங்கவும் இல்லை. மின்கலம் வடிந்து கொண்டிருந்தது. இன்னும் சில நாள் இப்படியே போனால் வண்டி நிரந்தரமாகக் குளிர்ந்து போகும்.

காரணம் என்ன தெரியுமா? ஃபிளாஷில் பழுது எதுவும் இல்லை. பூமியிலிருந்து சென்ற ஏழு மாதப் பயணத்திலும் அதன் பின்னரும் ஃபிளாஷில் ஏராளமான கோப்புகள் சேர்ந்துவிட்டன. வண்டி விழிக்கும்போதெல்லாம் அத்தனைக் கோப்புகளின் பட்டியலையும் ராமில் எழுதிக்கொள்ளும். பட்டியல் நீண்டு நீண்டு, ஒதுக்கிய ராமில் ஒரு நாள் இடம் போதாமல் போயிற்று. இடமில்லை என்றதும் ரீசெட். ரீசெட் செய்தால் மறுபடி அதே பட்டியல்.

நல்லவேளையாக, வடிவமைத்தவர்கள் ஒரு பின்வாசல் வைத்திருந்தார்கள். ஃபிளாஷைத் தொடாமல், ராமை மட்டும் கொண்டு ஊனமான நிலையில் விழித்துக்கொள் என்று சொல்லும் கட்டளை அது. சரியான வேளை பார்த்து அதை அனுப்பினார்கள். வண்டி சமர்த்தாக விழித்துக்கொண்டது! தேவையற்ற கோப்புகளை நீக்கி, பின்னர் ஃபிளாஷ் முழுவதையும் துடைத்துச் சீராக்கினார்கள். 90 செவ்வாய் நாள்கள் உழைத்தால் போதும் என்று அனுப்பிய ஸ்பிரிட், 2010ஆம் ஆண்டு மார்ச் வரை பேசிக் கொண்டிருந்தது.

முதல் உறைமோர்

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கூர்மையான மாணவர்கள் இந்நேரம் கேட்டிருப்பீர்கள். பாலைத் தயிராக்க ஒரு கரண்டி உறைமோர் வேண்டும். புதிதாகச் செய்த பலகையில் ஃபிளாஷ் வெறுமையாக இருக்கும், எங்கும் 1. அதற்குள் ஏற்றியை முதன்முதலில் எழுதியது யார்?

சில்லுகளைச் சோதிப்பதற்கென்று ‘ஜேடேக்’ என்ற ஏற்பாடு உண்டு. நாலைந்து கம்பிகள்தான். மேசைக் கணிப்பொறியை அவற்றின் வழியே டி.எஸ்.பி.யோடு இணைத்தால், அதன் மூளையை நிறுத்தி வைத்து, உள் ராமில் நாம் விரும்பும் எண்களை நேரடியாக எழுதலாம். இப்படி ஒரு சிறு ஆணைத்தொடரை ராமில் வைத்து அதை ஓடவிடுகிறார்கள். ஃபிளாஷில் எழுதுவது எப்படி என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

தவறிப் போய் எவரும் எதையும் எழுதிவிடாதபடி ஃபிளாஷ் தன்னைக் காத்துக்கொள்ளும் விதமும் ரசிக்கத்தக்கது. சும்மா ஒரு பைட்டை அனுப்பினால் அது ஏற்காது. குறிப்பிட்ட ஒரு முகவரிக்கு 10101010 என்றும், வேறொரு முகவரிக்கு 01010101 என்றும் அனுப்பி, அதன் பிறகு ‘எழுத வருகிறேன்’ என்பதற்கான குறியை அனுப்பினால்தான் கதவு திறக்கும். அதுவும் ஒரே ஓர் எழுத்துக்கு மட்டும். அடுத்த எழுத்துக்கு மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டும். இப்படி ஒவ்வொரு பைட்டாகத் தட்டித் தட்டி, ஏற்றியையும் அட்டவணையையும் மூட்டைகளையும் எழுதி முடித்துவிட்டுக் கம்பிகளைக் கழற்றிவிடுவார்கள்.

பிறகு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பார்ப்பார்கள். கூலியாள் 1024 பைட்டுகளைத் தூக்கிக்கொண்டு வருகிறானா என்று பலகையில் உள்ள சிறு விளக்கு சொல்லிவிடும்.